உறையும் மண் ஏன் மேலெழும்புகிறது: கணித மாதிரி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்நாடுகளில் சாலை போடுகிறவர்களுக்கும் தண்டவாளம் அமைப்பவர்களுக்கும் எரிவாயுக் குழாய் பதிப்பவர்களுக்கும் ஆண்டு தவறாமல் வரும் தொல்லை ஒன்று உண்டு. குளிர் முற்ற முற்ற நிலம் மேலே எழும்பும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக எழும்பினால் பெரிய பாதகமில்லை. ஓரிடத்தில் பத்து சென்டிமீட்டர் எழும்பும், நாலடி தள்ளி இரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அந்த வித்தியாசத்தில்தான் தார் பிளக்கிறது, தண்டவாளம் நெளிகிறது, குழாய் வளைகிறது. இதை ஃப்ராஸ்ட் ஹீவ் என்பார்கள். இங்கே உறைவீக்கம் என்று எழுதுகிறேன்.

சீனாவின் வடகிழக்கில் ஹார்பினையும் தாலியனையும் இணைக்கும் 921 கிலோமீட்டர் அதிவேக ரயில்பாதை 2012 டிசம்பரில் திறக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளின் குளிர்காலங்களில் ரயில்கள் மணிக்கு 200 கிலோமீட்டர் என்ற குறைந்த வேகத்தில்தான் ஓடின. அந்த வேகத்தில் ஓடும் ரயிலுக்குச் சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கமே பெரிய விஷயம். இவ்வளவு நுண்ணிய அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால் நல்ல கணித மாதிரி வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் மாதிரி எழுதுவது எளிது. வெப்பம் கடப்பதற்கு ஒரு சமன்பாடு, நீர் நகர்வதற்கு இன்னொன்று, இரண்டையும் கோர்க்க மூன்றாவது ஒன்று. மென்பொருளில் ஏற்றினால் வளைகோடு வந்துவிடும். ஆனால் அந்த வளைகோடு சரியா என்று கேட்டால், பெரும்பாலான தவறுகள் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பதைப் பார்க்கலாம். மண்ணைத் தூக்குவது அங்கே ஏற்கனவே இருக்கும் நீர் அல்ல, கீழேயிருந்து வந்துசேரும் நீர். அந்த நீர் எப்படி வருகிறது, எது அதை இழுக்கிறது, எது தடுக்கிறது என்பதை மாதிரி சரியாகச் சொல்லாவிட்டால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஒன்பது சதவீதக் கணக்கு

நீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதனால் மண் வீங்குவதற்கும் அதுவே காரணம் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழம் உறைகிறது. மண்ணின் கன அளவில் நாற்பது சதவீதம் நீர். எல்லாம் உறைந்து, விரிவு முழுவதும் மேல்நோக்கியே போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 1 மீட்டர் × 0.40 × 0.09 = 3.6 சென்டிமீட்டர்தான். குளிர்நாட்டு வண்டல் மண்ணில் இதைப்போலப் பல மடங்கு வீக்கம் சாதாரணமாக வருகிறது. மீதி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டீஃபன் டேபர் 1929, 1930 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகள் இதற்கு விடை சொன்னவை. நீருக்குப் பதிலாக பென்சீன், நைட்ரோபென்சீன் ஆகிய திரவங்களை மண்ணில் ஊறவைத்து அவர் உறையவைத்தார். இரண்டுமே உறையும்போது விரிவதில்லை, சுருங்குகின்றன. ஆனாலும் மண் வீங்கியது. பின்னாளில் ஹீலியத்திலும் ஆர்கானிலும்கூட இதே விளைவைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வீக்கத்துக்கு அடிப்படை விரிவு அல்ல. உறையும் இடத்தை நோக்கித் திரவம் இழுக்கப்பட்டு, மண்ணைப் பிளந்துகொண்டு தனி அடுக்குகளாக உறைகிறது. அந்த அடுக்குகள்தான் பனிவில்லைகள். உறைந்த வண்டல் மண்ணை வெட்டிப் பார்த்தால், மண்ணும் தெளிந்த பனியும் மாறி மாறி வரிவரியாகத் தெரியும்.

இதைத் தெரிந்தவர்களும் கணக்கில் வேறு விதமாகச் சறுக்குகிறார்கள். மொத்த வீக்கம் இரண்டு பகுதிகளால் ஆனது. வெளியிலிருந்து வந்த நீரின் அளவை 1.09-ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் அது முழுவதும் புதிய இடம் பிடிக்கிறது. ஏற்கனவே இருந்த நீரில் உறைந்த பங்கை 0.09-ஆல் மட்டும் பெருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போடுவது, அல்லது விரிவை நீர்ச் சமன்பாட்டில் ஒருமுறையும் இயக்கச் சமன்பாட்டில் இன்னொரு முறையும் சேர்ப்பது, அடிக்கடி நடக்கிறது. மணலில் இரண்டாவது பகுதியே வராமல் போகலாம். விரியும் பனி, உறையாத நீரைக் கீழ்நோக்கித் தள்ளி வெளியேற்றிவிடும். வடிய வழியிருக்கிறதா இல்லையா என்பதை எல்லை நிபந்தனை, அதாவது மாதிரியின் ஓரங்களில் என்ன நடக்கிறது என்று வகுக்கும் விதி, சொல்ல வேண்டும்.

சமன்பாடு சரி, அழுத்தம் எது?

வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கோர்ப்பது கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாடு. இந்தத் துறையில் மிகப் பெரிய எண்பிழை இங்கேதான் நடக்கிறது என்பது என் கணிப்பு.

பாடப்புத்தகத்தில் இருக்கும் வடிவம், பனியும் நீரும் ஒரே அழுத்தத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அதன்படி உருகுநிலை ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 13.5 மெகாபாஸ்கல் அழுத்தம் தேவை. மண்ணுக்குள் நிலைமை அப்படி இல்லை. அங்கே பனியும் நீரும் வெவ்வேறு அழுத்தத்தில் இருக்கின்றன. அதற்கென்று பொதுமைப்படுத்திய வடிவம் ஒன்று உண்டு. பனியின் அழுத்தத்தை மாற்றாமல் வைத்தால், ஒரு டிகிரி குளிர்ச்சிக்கு நீரின் அழுத்தம் சுமார் 1.22 மெகாபாஸ்கல் குறையும். நீரின் அழுத்தத்தை மாற்றாமல் வைத்தால் பனியின் அழுத்தம் சுமார் 1.12 மெகாபாஸ்கல் கூடும். பாடப்புத்தக வடிவத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் உறிஞ்சும் அழுத்தம் பத்து மடங்குக்கும் மேல் தப்பாகப் போகும். குறியும் தலைகீழாகும் வாய்ப்பு உண்டு.

1.22 மெகாபாஸ்கல் என்பது சுமார் 125 மீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம். ஒரே ஒரு டிகிரிக் குளிர்ச்சி அத்தனை விசையோடு நீரை இழுக்கப் போதுமானது என்றால், நிலத்தடி நீர் இரண்டு மூன்று மீட்டர் கீழே இருப்பது ஒரு தடையே அல்ல. தடை வேறொன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதே இடத்தில் இன்னொரு நுட்பமான பிழையும் ஒளிந்திருக்கிறது. உறையும் மண்ணில் எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு நீர் உறையாமல் மிஞ்சும் என்பதைக் காட்டும் வளைகோடு தேவை. அதை அளப்பது கடினம் என்பதால், மண் உலரும்போது எந்த உறிஞ்சழுத்தத்துக்கு எவ்வளவு நீர் மிஞ்சும் என்ற வளைகோட்டை எடுத்து மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்யலாம் என்பதற்கு 1966-இல் கூப்மன்ஸும் மில்லரும் நல்ல அடிப்படை போட்டார்கள். ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனையும் சேர்த்தே சொன்னார்கள். மணல், வண்டல் போல நுண்புழை விசையால் நீரைப் பிடித்துவைக்கும் மண்ணில், காற்றுக்கும் நீருக்கும் இடையிலான பரப்பு இழுவிசை, பனிக்கும் நீருக்கும் இடையிலானதைப்போல் சுமார் 2.2 மடங்கு. மாற்றும்போது அந்த 2.2 வர வேண்டும். பரப்பில் ஒட்டிய நீரே ஆளும் களிமண்ணில் அந்த விகிதம் 1. வண்டல் மண்ணுக்கு 2.2-ஐ விட்டுவிட்டால் உறையா நீரின் அளவு கூடுதலாக வரும், அதோடு நீர் கடத்துதிறனும் கூடும், கடைசியில் வீக்கமும் கூடும். பல கணினிக் கோட்களில் (நிரல்களில்) இந்தக் காரணி எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. எழுதாதது 1 என்றே பொருள்.

கிளாப்பிரான் உறவு சமநிலையில் செல்லுபடியாவது. திடீரென்று கடுங்குளிர் பாய்ச்சும் சோதனையின் முதல் சில நிமிடங்களுக்கும் அதை அப்படியே பொருத்தி, விடை வரவில்லை என்று மண்ணின் பண்புகளை மாற்றுவது நியாயமில்லை.

சில மில்லிமீட்டர் அகல உறைவிளிம்பு

இப்போது அந்தத் தடைக்கு வருவோம். பழைய விளக்கம் மண்ணை விளக்குத் திரியைப்போல் பார்த்தது: நுண்புழைகள் நீரை ஏற்றுகின்றன, மேலே பனிவில்லை அதை வாங்கிக்கொள்கிறது. 1961-இல் எவரெட் வகுத்த நுண்புழைக் கோட்பாடு இந்தப் பார்வையைத் தெளிவான கணிதமாக்கியது. ஆனால் நுண்மண்ணில் அளந்த வீக்க அழுத்தங்கள் அந்தக் கோட்பாடு அனுமதிப்பதைவிட அதிகமாக வந்தன. மேலும், பனிவில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளி ஏன் தோன்றுகின்றன என்பதற்கும் அதில் விடையில்லை.

1970-களில் மில்லர் முன்வைத்த விளக்கம் இதைத் திருத்தியது. வளரும் பனிவில்லைக்கும் முழுதும் உறையாத மண்ணுக்கும் நடுவே மெல்லிய ஒரு பகுதி இருக்கிறது. அங்கே புழைகளில் பனி பாதி, உறையாத நீர் பாதி. இதை உறைவிளிம்பு என்று சொல்லலாம். பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் மண்துகள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் இருக்கும், அதன் வழியே நீர் மேலே போகிறது. கீழேயிருந்து வரும் நீர் முழுவதும் இந்தக் குறுகிய வாசலைக் கடந்தாக வேண்டும். வெப்பநிலை சற்றே இறங்கினாலும் அங்கே நீர் கடத்துதிறன் மடமடவென்று சரிகிறது. பர்ட்டும் வில்லியம்ஸும் 1976-இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டுவது போல, பூஜ்ஜியத்துக்குக் கீழே அரை டிகிரிக்குள்ளேயே அது பத்தின் பல அடுக்குகள் குறைந்துவிடும்.

ஆகவே ஒருபக்கம் டிகிரிக்கு 125 மீட்டர் நீர்த்தூண் அளவுக்கு இழுவிசை, மறுபக்கம் அதே டிகிரியில் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும் வாசல். உறைவீக்கம் முழுவதும் இந்த இரண்டின் இழுபறி. உறைவிளிம்பின் அகலம் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான். கணக்குக்காக மண்ணைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைதான் மெஷ்; அந்த மெஷ்ஷின் ஒரு கட்டம் பத்து சென்டிமீட்டர் என்றால் அந்த வாசல் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் மறைந்துவிடும். அப்போது நீர் எவ்வளவு வந்தது என்பதை இயற்பியல் முடிவு செய்வதில்லை. பக்கத்துக் கட்டங்களின் கடத்துதிறனைக் கூட்டுச் சராசரி எடுத்தீர்களா, பெருக்கற் சராசரியா, இசைச் சராசரியா என்பது முடிவு செய்கிறது. ஒரு மாதிரியை நம்பலாமா என்று பார்க்க நான் முதலில் கேட்பது இதுதான்: கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினீர்களா, மொத்த வீக்கம் மாறியதா? மாறினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

1973-இல் ஹார்லன் வெளியிட்ட, வெப்பத்தையும் நீரையும் சேர்த்துத் தீர்க்கும் மாதிரிதான் இன்றைய பெரும்பாலான கோட்களின் மூதாதை. இந்த வகை மாதிரிகள் வழக்கமாக அளவுக்கு மீறி நீரை இழுக்கும். அதைக் கட்டுப்படுத்த, பனியின் பங்கு கூடக் கூட கடத்துதிறனைப் பத்தின் அடுக்கில் குறைக்கும் தடைக்காரணி ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஹான்சனும் மற்றவர்களும் 2004-இல், மண்ணில் நீர் நகர்வைக் கணக்கிடும் ஹைட்ரஸ் மாதிரியில் உறைதலைச் சேர்த்தபோது அந்த அடுக்குக்கு எடுத்த மதிப்பு 7. ஜப்பானில் மிசோகுச்சி செய்த சோதனையோடு அது நன்றாகப் பொருந்தியது. 20 சென்டிமீட்டர் உயர மண்தூண்கள், மேற்பக்கம் மைனஸ் 6 டிகிரி, 12, 24, 50 மணி நேரங்களில் நீர்ப் பரவல்.

அந்த 7-ஐ அப்படியே எடுத்துத் தன் மண்ணுக்குப் போடுகிறவர்கள் ஏராளம். அது இயற்கை மாறிலி அல்ல. ஒரு குறிப்பிட்ட மணற்பாங்கான மண்ணுக்கு, குறிப்பிட்ட வளைகோட்டோடு, குறிப்பிட்ட மெஷ்ஷில் பொருத்தி எடுத்த எண். உறையா நீர் வளைகோட்டைக் கவனமாக அளந்தால் தடைக்காரணியே தேவையில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. மேலே சொன்ன 2.2-ஐ விட்டுவிட்டுக் கடத்துதிறனைக் கூட்டிவிட்டு, பிறகு தடைக்காரணியால் அதைக் குறைத்தால் ஒரு பிழை இன்னொரு பிழையை மறைக்கும். வேறு மண்ணுக்குப் போகும்போது இரண்டும் சேர்ந்து வெளிப்படும். இன்னொன்று: மிசோகுச்சியின் தூண்களில் பேசப்பட்டது நீர் எங்கே சேர்ந்தது என்பது, மண் எவ்வளவு உயர்ந்தது என்பது அல்ல. அந்தத் தரவோடு பொருந்துவது உறைவீக்க மாதிரிக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் ஆகாது.

மேலிருக்கும் பாரத்தை மறப்பது

ஹார்லன் வகை மாதிரிகளில் பனியின் அழுத்தத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துவிடுவது வழக்கம். கணக்கு எளிதாகும். ஆனால் மண்ணைத் தூக்குவதே பனியின் அழுத்தம்தான். அதைப் பூஜ்ஜியமாக்கினால் மேலே வெறும் புல்தரை இருந்தாலும் பத்து மீட்டர் மண்மேடு இருந்தாலும் ஒரே வீக்கம் வரும். உண்மையில் பாரம் கூடக் கூட வீக்கம் குறையும். போதுமான பாரம் வைத்தால் நீர் வருவதே நின்றுவிடும். இந்த விளைவு மாதிரியில் தெரிகிறதா என்று பார்ப்பது எளிது. பாரத்தை இரட்டிப்பாக்கி ஓட்டினால் போதும்.

பனிவில்லை எங்கே, எப்போது தொடங்கும் என்ற கேள்வியும் இதோடு பிணைந்தது. 1985-இல் ஓநீலும் மில்லரும் முன்வைத்த விறைப்பனி மாதிரியில், உறைவிளிம்புக்குள் பனியழுத்தமும் நீரழுத்தமும் சேர்ந்து மேற்பாரத்தை முழுவதும் தாங்கும் அளவுக்கு உயர்ந்தால், மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது நின்று, அங்கே புதிய வில்லை பிறக்கிறது. கில்பின் 1980-இல் வேறொரு அளவுகோல் வைத்தார். 2004-இல் ரெம்பெல், வெட்லாஃபர், வொர்ஸ்டர் மூவரும் நீர்ப்படல விசைகளிலிருந்து தொடங்கி இதை மேலும் உறுதியான அடித்தளத்தில் நிறுத்தினார்கள். எதைத் தேர்ந்தாலும் சரி. "மொத்த நீர் நுண்துளைமையை (மண்ணில் துளைகளின் பங்கை) தாண்டினால் வில்லை" என்ற சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வில்லைகளின் தடிமனையும் இடைவெளியையும் முன்னறிவதாகச் சொல்லக் கூடாது. அந்தச் சட்டம் கூட்டல் கணக்குக்கு உதவும், வில்லை பிறக்கும் இடத்தை அது அறியாது.

வீக்கம் பெரிதாகும்போது மெஷ்ஷும் நகர வேண்டும். ஒரு மீட்டர் மண்ணில் பதினைந்து சென்டிமீட்டர் பனி நுழைந்த பிறகும் பழைய ஆயத்தொலைவுகளிலேயே வெப்பச் சரிவைக் கணக்கிட்டால், குளிர்ப்பரப்புக்கும் உறைமுனைக்கும் (உறைதல் எட்டியிருக்கும் ஆழத்துக்கும்) உள்ள தூரம் குறைவாக வரும், குளிர் வேகமாகப் பாயும்.

எஸ்.பி. என்ற எளிய கருவி

இத்தனை சிக்கலும் வேண்டாம் என்று நினைக்கும் பொறியாளருக்குக் கான்ராடும் மார்கன்ஸ்டர்னும் 1980-களின் தொடக்கத்தில் நல்ல வழி ஒன்றைக் கொடுத்தார்கள். வரும் நீரின் வேகம், உறைவிளிம்பில் உள்ள வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதம். அந்த விகித எண்ணுக்கு செக்ரிகேஷன் பொட்டென்ஷியல் என்று பெயர், சுருக்கமாக எஸ்.பி. குளிரூட்டிய எரிவாயுக் குழாய்களுக்காகக் கல்கரியில் நடந்த பெரிய கள ஆய்வின் வீக்கத்தை அவர்கள் இதே முறையால் கணித்துக் காட்டினார்கள். எளிமையானது, பயனுள்ளது, நான் மதிக்கும் முறை. எளிமையாக இருப்பதாலேயே தவறாகவும் பயன்படுகிறது.

முதலில் அலகு. சிலர் நொடிக்குச் சதுர மில்லிமீட்டரிலும் சிலர் நாளுக்குச் சதுர மில்லிமீட்டரிலும் தருகிறார்கள். இடையில் 86,400 மடங்கு. இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒரே அட்டவணையில் போடும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு மண்ணின் எஸ்.பி. டிகிரிக்கு, நாளுக்கு 100 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உறைவிளிம்பில் சரிவு மீட்டருக்கு 10 டிகிரி, அதாவது மில்லிமீட்டருக்கு 0.01. நீர் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வரும், வீக்கம் 1.09 மில்லிமீட்டர். நூறு நாளில் சுமார் 11 சென்டிமீட்டர்.

இந்த விடை நடக்கக்கூடியதா என்று வெப்பத்தை வைத்துச் சோதிக்கலாம். உறைந்த மண்ணின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 2 வாட் என்றால், அந்தச் சரிவில் சதுர மீட்டருக்கு 20 வாட் வெளியேறும். அது முழுவதும் வந்த நீரை உறையவைக்கவே செலவானால் நாளுக்கு அதிகபட்சம் ஐந்து மில்லிமீட்டர் நீர் உறையும். நம் விடை ஒன்று, ஆகவே பிரச்சினையில்லை. மாதிரி ஏழு என்று சொல்லியிருந்தால் எங்கோ ஆற்றல் காற்றிலிருந்து வந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். எந்த மாதிரிக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, எந்தச் சரிவு என்பது. எஸ்.பி. பேசுவது உறைவிளிம்பை ஒட்டிய சரிவு. மேற்பரப்பு வெப்பநிலையை மொத்த உறைந்த ஆழத்தால் வகுத்து வரும் சராசரி அல்ல. மூன்றாவது, எஸ்.பி. மண்ணின் நிலையான பண்பு அல்ல. மேற்பாரம் கூடினால் அது அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது. உறைமுனையில் உள்ள உறிஞ்சழுத்தத்தையும் குளிரும் வேகத்தையும் பொறுத்து மாறுகிறது. ஆய்வகத்தில் பாரமே இல்லாமல், உறைமுனை ஏறத்தாழ நின்ற நிலையில் அளந்த மதிப்பை, ஒன்றரை மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 30 கிலோபாஸ்கல் பாரத்தின் கீழ், உறைமுனை ஓடிக்கொண்டிருக்கும் முதல் மாதத்துக்குப் போடுவது பொருத்தமில்லை.

காணாமல் போகும் உள்ளுறை வெப்பம்

இது எண்முறைத் தவறு, ஆனால் விளைவு பெரிது. கன அளவில் 35 சதவீதம் நீருள்ள மண் ஒரு கன மீட்டர் உறைய ஏறத்தாழ 117 மெகாஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். அதே மண்ணை ஒரு டிகிரி குளிரவைக்க இரண்டு மூன்று மெகாஜூல் போதும். அதாவது உறைவது, ஐம்பது டிகிரி குளிர்வதற்குச் சமம். இந்த மாபெரும் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு அருகே ஒரு டிகிரிக்கும் குறைவான இடைவெளியில் குவிந்திருக்கிறது. உள்ளுறை வெப்பத்தை வெப்ப ஏற்புத்திறனோடு சேர்த்துவிடும் முறையில், ஒரு காலப்படியில் கட்டத்தின் வெப்பநிலை பிளஸ் 0.3-இலிருந்து மைனஸ் 0.8-க்குத் தாவினால், அந்தச் சிகரம் முழுவதும் கணக்கில் விழாமல் போகும். உறைமுனை வேண்டிய அளவைவிட வேகமாக ஆழம் போகும், வில்லை வளர நேரமே கிடைக்காது, வீக்கம் குறைவாக வரும். என்தால்பியை (உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்த மொத்த வெப்ப அளவை) முதன்மை மாறியாக எடுப்பதோ, வெப்பநிலை மாற்றத்துக்கு ஏற்பக் காலப்படியைச் சுருக்குவதோ இதைத் தடுக்கும். சரிபார்க்க நாய்மனின் துல்லியத் தீர்வு இருக்கிறது. உறை ஆழத்தைத் தரும் ஸ்டெஃபான் சூத்திரம் இன்னும் எளிது. மேற்பரப்பில் 1000 டிகிரி-நாள் குளிர் (பூஜ்ஜியத்துக்குக் கீழான டிகிரிகளை நாள்தோறும் கூட்டி வருவது), கடத்துதிறன் 2, உள்ளுறை வெப்பம் மேற்சொன்ன 117 என்றால் ஆழம் சுமார் 1.7 மீட்டர். அது மண்ணில் ஏற்கனவே உள்ள வெப்பத்தை விட்டுவிடுவதால் மேல்வரம்பு. உங்கள் மாதிரி அதையும் தாண்டினால் கோடில் ஓட்டை.

உறை ஆழத்தை முதலில் தனியாகக் கணக்கிட்டுவிட்டு, வீக்கத்தை அதன்மேல் ஏற்றுவதும் இதே வகைப் பிழை. இழுக்கப்பட்ட பத்து சென்டிமீட்டர் நீர் உறைய சதுர மீட்டருக்கு 33 மெகாஜூல் கூடுதலாக வெளியேற வேண்டும். அது உறைமுனையைக் கணிசமாகத் தாமதப்படுத்தும்.

மண்ணும் வானமும்

மேல் எல்லையில் வானிலை நிலையத்தின் காற்று வெப்பநிலையை நேரடியாகப் போடாதீர்கள். பனி துடைத்த சாலைப்பரப்பு உணரும் குளிர் காற்றின் குளிரில் சுமார் 0.9 பங்கு. புல்தரையில் ஏறத்தாழ பாதிதான். இந்த ஒரு காரணி மாறினால் உறை ஆழமே மாறிவிடும்.

மண் வகையிலும் ஒரு சோம்பல் உண்டு. 1931-இல் காசாகிராண்டே தந்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மில்லிமீட்டருக்குச் சிறிய துகள்கள் மூன்று சதவீதத்தைத் தாண்டினால் வீங்கும் மண். பத்தாண்டுகளாகப் பொறியாளர்களைக் காத்த விதி அது என்றால் குறைத்துச் சொல்வதாகும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் காத்துவருகிறது. ஆனால் அது மண்ணைத் தேர்ந்தெடுக்கும் சல்லடை, மாதிரியில் "ஆம், இல்லை" என்று போடும் சுவிட்ச் அல்ல. வீங்காது என்று தேர்ந்த கரடுமுரடான நிரப்பு மண்ணும் அதிவேகப் பாதைக்குப் பொருட்படுத்த வேண்டிய மில்லிமீட்டர்களைத் தருகிறது. அத்தகைய மண்ணில் நீர் திரவமாக ஏற வழி குறைவு. ஆனால் ஆவியாக ஏறும். மேலே நீர் புகாத மூடுபரப்பு இருந்தால் ஆவி அதன் அடியில் சேர்ந்து உறையும். சீன ஆய்வாளர்கள் இதை முன்வைத்தே வறண்ட நிலத்து ஓடுதளங்களின், ரயில்பாதைகளின் ஈரத்தை விளக்குகிறார்கள். ஆவி நகர்வை விட்டுவிட்ட மாதிரி அங்கே பூஜ்ஜியம் என்றே சொல்லும்.

உப்பு கலந்த மண்ணில் உறைநிலை இறங்குகிறது, உறையும்போது தள்ளப்படும் உப்பு உறைவிளிம்பில் தேங்குகிறது. கடலோரக் களிமண்ணில் இதை மறந்தால் வளைகோடே மாறிப்போகும்.

எதோடு ஒப்பிடுவது

நாலைந்து எண்களைத் திருகி ஒரு வீக்க வளைகோட்டோடு பொருத்திவிடுவது யாராலும் முடியும். வீக்கம் ஒன்று மட்டும் பொருந்துவதால் எதுவும் நிரூபணமாவதில்லை. உறைமுனையின் ஆழம், உள்ளே வந்த நீரின் அளவு, வீக்கம் ஆகிய மூன்றும் ஒரே எண்களோடு சேர்ந்து பொருந்த வேண்டும். ஒரு பாரத்தில் பொருத்திய எண்களை வைத்தே இன்னொரு பாரத்தில் முன்னறிய வேண்டும். ஆய்வகத் தூணில் வெப்பச் சரிவு களத்தைவிடப் பல மடங்கு செங்குத்தாக இருக்கும் என்பதால், ஆய்வகப் பொருத்தம் களத்துக்குத் தானாக ஏறிவிடாது.

ஒரு பரிமாண மாதிரி எழுதிவிட்டுக் குழாய் உடையுமா என்று சொல்ல முயல்வது இன்னொரு தாவல். பிரான்சின் கான் (Caen) நகரில் 1982-இல் கனடாவும் பிரான்சும் சேர்ந்து தொடங்கிய பெருஞ்சோதனையில் 18 மீட்டர் நீளக் குளிரூட்டிய குழாய் ஒன்றின் ஒரு பாதி மணலிலும் மறுபாதி வண்டலிலும் கிடந்தது. வண்டல் தூக்கியது, மணல் பிடித்துக்கொண்டது, வளைவு இரண்டும் சேரும் இடத்தில் குவிந்தது. அந்த வளைவைக் கணக்கிட, உறைந்த மணல் குழாயை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும், நாளடைவில் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் என்பது வேண்டும். ஒரு பரிமாண மாதிரி தரும் இரண்டு வீக்கங்களின் வித்தியாசத்தை நேர்கோட்டால் இணைத்து வளைவு கண்டுபிடிக்க முடியாது.

மாதிரியைக் குளிர்காலத்தின் கடைசி நாளோடு நிறுத்திவிடுவதும் பரவலான பழக்கம். சாலைக்குச் சேதம் அதிகம் வருவது அதற்குப் பிறகுதான். வசந்தத்தில் உருகல் மேலிருந்து தொடங்குகிறது. கீழே இன்னும் உறைந்திருக்கும் அடுக்கு வடிகாலை அடைத்துவிடும். உருகிய வில்லைகளின் நீர் நடுவே தேங்கி, மண் தன் வலுவை இழந்து நிற்கும்போது லாரிகள் அதன்மேல் ஓடுகின்றன. சுவீடனின் குனார் பெஸ்கோ 1935-இல் சாலைகளையும் ரயில்பாதைகளையும் முன்னிட்டு மண் உறைவதைப் பற்றிப் பெரிய ஆய்வை வெளியிட்டதே இத்தகைய தேவைக்காகத்தான். மாதிரி தரும் பனியின் அளவை ஆழவாரியாகச் சேமித்து, உருகும் வாரங்களையும் அதே கோடில், அதே மெஷ்ஷில் ஓட்டினால், எந்த வாரத்தில் எவ்வளவு எடையுள்ள வண்டியை அந்தச் சாலையில் அனுமதிக்கலாம் என்ற கேள்விக்கு விடை தேடத் தொடங்கலாம்.